‘ஏதோ... பரவாயில்லீங்க!’

போன திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸுக்கு ஒரு விருந்தாளி வந்தார்.

முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், வெளியே தொங்கும் நாக்கு. மொபெட்டின் பின்சீட்டில் வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டப்பட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு ஒரு கணம் பகீர் என்றது. ஹெட் ஆபீஸிலிருந்துதான் யாரோ ஆடிட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கையிலிருந்த வடையை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது... திருஷ்டி பொம்மை!

நன்றாக விளைந்த வயல், புதிதாக எழும்பும் வீடு — எதன் முன்னாலும் ஒன்றை நிறுத்தி வைப்போமே, ஊர்க்கண் எல்லாம் அதன் மேலேயே விழட்டும் என்று... அதேதான். விதைக் கம்பெனி ஆபீஸுக்கு அதை ஏன் ஒரு விவசாயி சுமந்துகொண்டு வர வேண்டும்? அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதலில் கயல்விழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். எழுத்து மனசுக்கு. வயிற்றுக்கு, தஞ்சாவூரில் ஒரு விதைக் கம்பெனியின் கிளையில் நிர்வாகம். அதாவது, டீ பில்லில் ஆரம்பித்து டிராவல் பில் வரைக்கும் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கிற உத்தியோகம்.

அங்கே ஃபீல்டு ஆபீசர் கயல்விழி. அம்மாபேட்டைப் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, இவரை அக்ரி படிக்க வைத்தார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார் என்றால் வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஒரு ஊர் பாக்கி இருக்காது. பயிரின் தோகையைத் தொட்டுப் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார்.

அவர் ஆபீஸுக்குள் நுழைந்தால் சிரிப்புச் சத்தம் முன்னால் வரும். ஆனால் ஒன்று — யாரையும் கிண்டல் செய்ய மாட்டார். கிண்டல் செய்ய அவரிடம் இருப்பது ஒரே ஒரு ஆள். அவரேதான்.

“நான் சிபாரிசு பண்ணின மருந்தைக் குடிச்சுட்டுப் பூச்சியெல்லாம் பூரிச்சுப் போய் நிக்குது சார்” என்பார். “நான் வர்றேன்னு தெரிஞ்சாலே நாத்தெல்லாம் தலையைக் குனிஞ்சுக்குது” என்பார். “நான் படிச்ச காலேஜ்ல விவசாயத்தைக் காப்பாத்தறதுக்காக என்னை சீக்கிரமா பாஸ் போட்டு அனுப்பிட்டாங்க” என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

குசும்பு எங்கள் ஜில்லாவில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைகிற பொருள். பொதுவாக அதை அடுத்தவன் கொல்லையில்தான் கொட்டுவோம். கயல் அதைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டதுதான் புதுசு.

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வது நல்ல குணம்தானே என்று கேட்பீர்கள். நல்ல குணம்தான். ஆனால் ஆபீஸ் என்று வந்துவிட்டால் அந்த நல்ல குணம் எத்தனை வேஷம் போடுகிறது தெரியுமா?

எங்கள் கிளை மேனேஜர் பாஸ்கர் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். “நமக்கு இந்த கம்ப்யூட்டரெல்லாம் சுத்தமா வராதுங்க. நான் கைநாட்டு!” என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு மனசு உருகிவிடும். எவ்வளவு பெரிய மனுஷர், எவ்வளவு எளிமை! உருகிய கையோடு அவருடைய மாதாந்திர ரிப்போர்ட் முழுவதையும் நான் டைப் அடிப்பேன். இதே கைநாட்டு, தட்காலில் மன்னை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே... கண் கொட்டுவதற்குள் சைடு லோயர் பெர்த்!

அடுத்து பிரபு. இளம் ஃபீல்டு ஆபீசர், கயலுக்கு ஜூனியர். “எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் சார். எடுத்த வேலையை முடிக்காம எனக்குச் சோறு இறங்காது” என்று வருத்தப்படுவார். மதியம் ஆபீஸில் முதலில் திறக்கிற டிபன் பாக்ஸ் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆக, ஒருவர் தன்னைத் தாழ்த்தி வேலையை நம் தலையில் கட்டுகிறார். இன்னொருவர் தாழ்த்துகிற மாதிரி தாழ்த்தித் தன்னைத் தூக்கிக்கொள்கிறார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். அசடு கயல்விழிதான். அவர் நிஜமாகவே தாழ்த்திக்கொண்டார். அதுவும் எதை? தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை.

ரொம்ப நாள் இதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை... ஏரியா மேனேஜர் சீட் காலியாகும் வரை.

டெல்டா முழுவதற்கும் ஒரு ஏரியா மேனேஜர். கயலும் பிரபுவும் கேட்டிருந்தார்கள். கயலுக்கு அந்தப் பதவி எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

“இந்த ஒரு தடவ எனக்கு அது கெடைக்கணும் சார். மாதிரிக்குப் போட்டுக் காட்ட இலவசமாக் குடுக்கற டெமோ விதை எந்த வயலுக்குப் போகணும்னு ஏரியா மேனேஜர்தானே சொல்றாங்க? இப்பல்லாம் ரோட்டோரத்துப் பெரிய வயலாப் பாத்துத்தான் குடுக்கறாங்க, போர்டு வெச்சா பஸ்ல போறவங்க கண்ணுல படணும்னு. எங்க தெருவுல குத்தகைக்குப் பாக்கறவங்க எத்தன பேரு கேட்டுக் கேட்டுப் போயிட்டாங்க தெரியுமா? நான் அங்க உக்காந்தா அவங்க வயலுக்குப் போகும் சார்.”

சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா நான் உக்காந்தா அந்தச் சீட்டு தாங்குமான்னு வேற பாக்கணும்” என்று சேர்த்துவிட்டுத்தான் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலாக இருந்தது.

யாருக்குச் சீட் என்று முடிவு செய்கிறவர் சோனல் மேனேஜர் சிவக்குமார். கோயம்புத்தூர்க்காரர். மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் ஊறியவர். நெல்லுக்குப் புதுசு, எங்கள் ஊர்ப் பேச்சுக்கு அதைவிடப் புதுசு. நல்ல மனுஷர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வரும் என்று இன்னும் நம்புகிறவர்.

ரிவியூ மீட்டிங் வைத்தார். பிரபு கலர் கலராக ஸ்லைடு போட்டார். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு அம்புக்குறி மேலே போய்க்கொண்டிருந்தது. எது மேலே போகிறது என்றுதான் கடைசி வரை எனக்குப் புரியவில்லை.

அடுத்து கயல் எழுந்தார்.

“உங்க ஏரியா எப்படிங்க இருக்குது?” என்றார் சிவக்குமார்.

“ஏதோ ஓடுது சார். நெல்லு பாவம்... என்னையும் மீறி வெளஞ்சிருக்கு.”

ஹாலே அதிர்ந்தது. சிவக்குமார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். கயலுக்கும் சந்தோஷம். மீட்டிங் நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே போனார்.

பத்து நிமிஷம் கழித்து பாஸ்கர் சார் கேபினில் நான் இருந்தேன். எதற்கு என்கிறீர்களா? கைநாட்டுக்கு லேப்டாப் திறந்து கொடுக்க!

“தமாஷான பொண்ணுங்க. இருந்தா ஆபீஸே கலகலன்னு இருக்கும்” என்றார் சிவக்குமார். “ஆனா ஏரியா மேனேஜர்னா... அந்தப் பொண்ணுக்கே தன் மேல நம்பிக்கை இல்லீங்களே. நெல்லே என்னையும் மீறி வெளஞ்சிருக்குன்னு அதே சொல்லுது. பிரபுவுக்கே போட்டுரலாமுங்களா?”

பாஸ்கர் சார் தலையை இரண்டு பக்கமும் பொதுவாக ஆட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், அது எங்க ஊர்ப் பேச்சு. ‘ஏதோ’ன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தம்.”

“அப்படீங்களா? அப்ப சுமாரா இருந்தா என்ன சொல்லுவீங்க?”

“அதுக்கும் ‘ஏதோ’தான் சார்.”

“மோசமா இருந்துச்சுன்னா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டோம். பெருமூச்சு விடுவோம்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு என்னங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் ஜில்லாவில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் வந்து, கதிர் தரையைத் தொட வளைந்து நிற்கிற வயலின் சொந்தக்காரரிடம் “வெளைச்சல் எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏதோ... வீட்டுக்கு அரிசி ஆகும்” என்பார். மூன்று மாடி கட்டியவர் “ஏதோ தலைக்கு மேல ஒரு கூரை” என்பார். என் பக்கத்து வீட்டுக்காரரின் மகன் சிங்கப்பூரில் பெரிய வேலையில் இருக்கிறான். “ஏதோ ஒரு கடையில பொட்டலம் மடிக்கிறான்” என்கிற மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வார். நல்லா இருக்கு என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். கண் படாவிட்டால் மச்சினன் கைமாற்று கேட்டு வந்துவிடுவான். இரண்டாவதுதான் உண்மையான பயம் என்பது என் கட்சி.

இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த ஆளைக் கூப்பிட்டு, ‘உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் என்ன செய்வார்? ஒரு ஜோக் அடிப்பார். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, சீரியஸாக மனதில் எழுதிக்கொள்வார். அங்கேதான் ஆபத்து. நாம் அடித்த ஜோக்கைக் கைதட்டி ரசித்தவர்களே பின்னால் ஒருநாள் அதை நமக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மேலே இருக்கிறவர் தன்னைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் அதற்குப் பெயர் எளிமை. கீழே நிற்கிறவர் இன்னும் இறங்கினால்? ஆள் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

நான் சொன்னதில் சிவக்குமாருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். “சரிங்க, வியாழக்கிழமை ஃபீல்டு டே இருக்குதல்ல? அந்தப் பொண்ணோட டெமோ வயலை நானே நேர்ல பாக்கறேன். விவசாயிகிட்டயே கேட்டர்றேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்” என்றார்.

சாயங்காலம் ஆபீஸ் எதிரில் டீக்கடையில் கயலைப் பிடித்தேன். கேபினில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

“ஏம்மா, உன்னைப் பத்தி நீயே ஏன் இப்படிச் சொல்லிக்கிற? உன் வேலையில என்ன குறை?”

டீ கிளாஸைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் சொன்னார்.

“வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ஊருக்குப் போனேன் சார். வயல்ல பத்துப் பதினஞ்சு பேர் நிக்கறாங்க. ஒரு பெரியவர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, ‘உங்கம்மா எங்க வயல்ல நடவுக்கு வந்தவ. நீ எங்களுக்கே நடவு சொல்லித்தர வந்துட்டியா?’ன்னாரு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. சட்டுனு வாயில வந்துச்சு... ‘ஆமாங்கய்யா, எங்கம்மா நட்டது வெளஞ்சுது, நான் சொல்றது வெளையுமான்னு எனக்கே சந்தேகந்தான்’னேன். அத்தன பேரும் சிரிச்சுட்டாங்க. அந்தப் பெரியவரே டீ வாங்கிக் குடுத்தாரு. அன்னைக்கு அவங்க வயலுக்குள்ள எறங்கிட்டேன் சார்.”

“சரி...”

“அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன் சார். அவங்க சொன்னா வலிக்கும். நான் சொன்னா சிரிப்பு.”

குசும்பு என்று நான் நினைத்துச் சிரித்ததெல்லாம் இந்தப் பெண் பிடித்துக்கொண்டு நின்ற குடை. மழை விட்ட பிறகும் மடக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் கிண்டலை வீட்டுல வெச்சுட்டு வாம்மா” என்றேன்.

“முயற்சி பண்றேன் சார். வீட்டுல தனியா இருக்குமான்னு தெரியல” என்றார். இவரை என்ன செய்வது?

வியாழக்கிழமை. விளைந்த டெமோ வயலை ஊரைக் கூட்டிக் காட்டுகிற ஃபீல்டு டே. திருக்காட்டுப்பள்ளி போகிற வழியில் ஒரு கிராமம். தங்கராசு என்கிற சின்ன விவசாயியின் வயல். மற்ற டெமோ வயல்களெல்லாம் ரோட்டோரம். இது ஒன்றுதான் உள்ளே. கயல் சண்டை போட்டு வாங்கியது. வயலையொட்டி சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், கேசரி, கம்பெனி பெயர் போட்ட தொப்பி. வயலைப் பார்த்தேன். பொன் என்பார்களே, அது சும்மா பேச்சு இல்லை. தலை கனத்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கிறது நெல். கயல் பிழைத்துக்கொண்டார் என்று நிம்மதியாக ஒரு கேசரி சாப்பிட்டேன்.

நிம்மதி கேசரி முடிகிற வரைக்கும்தான்.

சிவக்குமார் மைக்கை எடுத்துக்கொண்டு தங்கராசுவிடம் வந்தார். “ஐயா, நீங்களே சொல்லுங்க. நம்ம விதை எப்படிங்க வந்திருக்குது?”

தங்கராசு சுற்றிலும் பார்த்தார். எதிரில் பங்காளி. பக்கத்தில் மச்சினன். பின்னால் ஊர். கையில் மைக்.

“ஏதோ... பரவாயில்லீங்க” என்றார். ஸ்பீக்கரில் ஊரெல்லாம் கேட்டது. சொல்லிவிட்டு, அதுவே கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியிருக்க வேண்டும். “கார்த்திகை மழையில பாதி போயிடுச்சுங்க. மாட்டுக்கு வைக்கோல் ஆகும்” என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. தங்கராசு கயலை மகள் மாதிரி நினைக்கிறவர். அந்தப் பெண் வந்தால் மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். அவர்தான் இப்போது, துளியும் கெட்ட எண்ணம் இல்லாமல், கயல் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

சிவக்குமார் வயலைப் பார்த்தார். தங்கராசுவைப் பார்த்தார். சோளமாக இருந்தால் பிடுங்கிப் பார்த்து முடிவு செய்திருப்பார். நெல்லாயிற்றே... பக்கத்தில் நின்றவரிடம் மைக்கை நீட்டினார். அவர், “அவரு சொன்னா மாதிரி, ஏதோதாங்க” என்றார். மூன்றாவது ஆள் பெருமூச்சே விட்டுவிட்டார்.

“அதான் சார், அக்காவே அன்னைக்கு மீட்டிங்ல சொன்னாங்களே” என்று பிரபு பவ்யமாக எடுத்துக் கொடுத்தார்.

சிவக்குமார் திரும்பினார். “கயல்விழி, நீங்க என்ன சொல்றீங்க?”

கயல் முன்னால் வந்து மைக்கை வாங்கினார். அவர் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. ஜோக்குக்கு முன்னால் வருமே, அதே சிரிப்பு. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிரிப்பைக் காணோம்.

“தங்கராசு அய்யா பொய் சொல்றாங்க சார்.”

ஊரே திரும்பிப் பார்த்தது.

“இந்த வயல் நல்லா வெளஞ்சிருக்கு. ரொம்ப நல்லா வெளஞ்சிருக்கு. கார்த்திகை மழையில இந்த வட்டாரமே தண்ணியில நின்னுச்சு. அன்னைக்கு இவங்களோட நின்னு வடிகால் வெட்ட வெச்சது நான். மேலுரம் போடணும்னு அவசரப்பட்டாங்க. தண்ணி வடியறதுக்கு முன்னாடி போட்டா எல்லாம் கரைஞ்சு போயிடும், பொறுங்கன்னு தடுத்தது நான். அய்யா என்னோட ஒரு வாரம் பேசவே இல்ல. பக்கத்து வயலைப் பாருங்க சார், இதையும் பாருங்க. இது என்னை மீறி வெளையல. நான் பாத்துப் பாத்து வெளைய வெச்சது. நாளைக்கே அறுத்து எடை போட்டுப் பாத்துக்குங்க.”

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்துவிட்டது.

நம்புங்கள், அங்கே ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சங்கடம் வந்திருக்காது. ஒரு அம்மா “அய்யய்யோ” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். விளைந்து நிற்கிற வயலைப் பார்த்து விளைந்திருக்கிறது என்று மைக்கில் சொல்வதா? தங்கராசுவின் முகம் வெளிறிவிட்டது. “ஏம்மா... மைக்லயா?” என்றார் பரிதாபமாக.

“ஐயா, அவங்க சொல்றது நெசமுங்களா?” என்று சிவக்குமார் அவரிடம் கேட்டார்.

தங்கராசு பங்காளியைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். பிறகு கயலைப் பார்த்தார். அந்தப் பெண் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் நடந்த போராட்டத்தை நான் பார்த்தேன். ஒரு பக்கம் பரம்பரை பரம்பரையாக வந்த பயம், இன்னொரு பக்கம் இந்தப் பெண்.

“அந்தப் பொண்ணு சொல்றதுல... தப்பு ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

சிவக்குமார் என் பக்கம் குனிந்து, “இதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்டார்.

“சார், எங்க ஊர்ல இதுக்கு மேல ஒரு சர்ட்டிபிகேட் கெடையாது” என்றேன்.

கயல் மைக்கைக் கொடுக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்ப வாயருகே கொண்டுபோனார். “இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். அதே மழையில, அதோ அந்த வாய்க்கால்ல ஸ்கூட்டரோட விழுந்து, இவங்க அத்தன பேரும் சேந்து தூக்கிவிட்டதும் என்னைத்தான்.”

இருமிக்கொண்டிருந்தவர்களெல்லாம் ‘அப்பாடா’ என்று சிரித்தார்கள். தங்கராசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிவக்குமாரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு மீட்டிங்கில் சிரித்த சிரிப்பு இல்லை. அன்றைக்கு ஒரு தமாஷான பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். இன்றைக்கு, வேலை தெரிந்த ஒருவர் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கிறார்.

வித்தியாசம் தெரிகிறதல்லவா? குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். அழகாக இருக்கிற குழந்தையின் கன்னத்தில், ஓரமாக, ஒன்று. கண் படக்கூடாது என்பதற்காக முகம் முழுவதும் மையைப் பூசிவிட்டால், பிள்ளை எங்கே என்று பெற்றவளே தேட வேண்டியதுதான். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியவில்லையா, சமையல் தீய்ந்து போகிறதா, குறட்டை சத்தம் தெருமுனை வரை கேட்கிறதா? அதையெல்லாம் ஆபீஸில் தாராளமாகச் சொல்லிச் சிரியுங்கள். மேலதிகாரிக்கும் நம்மைப் பார்த்தால் பிடிக்கும். எதற்குச் சம்பளம் வாங்குகிறோமோ, அதை மட்டும் விட்டுவிடுங்கள். அதைக் கிண்டல் செய்ய ஆபீஸில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பை நாம் கெடுப்பானேன்?

சரி, கதைக்கு வருகிறேன். ஃபீல்டு டேக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. ஏரியா மேனேஜர், கயல்விழி. பாஸ்கர் சார் முதல் ஆளாக வாழ்த்தினார். “நானெல்லாம் இங்கிலீஷ்ல கொஞ்சம் வீக்குங்க” என்று சொல்லி, பாராட்டு மெயிலை என்னை அடிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில்தான் மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் தங்கராசு.

ஃபீல்டு டே முடிந்த மறுநாளே வயலில் இந்தப் பொம்மையை நட்டுவிட்டாராம். மைக்கில் சொன்ன பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். “அறுப்பு முடிஞ்சுதுங்க. இனிமே இது எனக்கு எதுக்கு? பதவிக்கு வந்த பொண்ணுக்குத்தான் வேணும்” என்று, கட்டவிழ்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“மாவுக்கு எத்தன மூட்டை கண்டுச்சு?” என்று கேட்டேன். மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு; மூன்று மா ஒரு ஏக்கர்.

“ஏதோ...” என்று ஆரம்பித்தவர், சுவரில் புதிதாக மாட்டியிருந்த கயலின் பெயர்ப் பலகையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, என் காதருகே வந்து, “நல்லாவேதாங்க கண்டுச்சு. வெளியில சொல்லிடாதீங்க” என்றார். பத்திரிகையில் எழுத மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

கயல் அப்போது வந்து சேரவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய புது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலையில் கம்பெனித் தொப்பி. மேஜை மேல் அவர் பேனா. கயல் வந்து பார்த்துவிட்டு, தன் மூஞ்சியையே வம்புக்கு இழுத்து ஒரு ஜோக் அடிப்பார் என்று எல்லோரும் கேபின் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

கயல் வந்தார். பார்த்தார்.

தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டி வெளியே போனார். ஆபீஸ் வாசல் கேட்டில், ரோட்டைப் பார்த்த மாதிரி, தங்கராசுவின் வைக்கோல் பிரியாலேயே இறுக்கிக் கட்டினார். திரும்பி வந்து, நாற்காலியைப் புடவைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டி உட்கார்ந்தார்.

என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இத்தன நாளா என் சீட்ல உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்தது அதுதான் சார்.”